மஞ்சப்பையைக் கொண்டு வரச் சொன்ன அம்மிணிக்கு

எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) ஈரோட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பி இன்றோடு இருபத்திரண்டு நாள். அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன அந்த ராத்திரி என்ன நடந்தது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். பாதிப் பேர் எங்கள் வாசலில்தான் நின்றீர்கள். அதைத் திரும்ப எழுதப் போவதில்லை. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

108 வண்டிக்கு வழி காட்ட இட்டேரி முனையில் டார்ச் அடித்துக்கொண்டு நின்ற பையன்கள், நாங்கள் இல்லாத நாளெல்லாம் மாடு கறந்து சொசைட்டிக்குப் பால் ஊற்றிய பக்கத்துத் தோட்டத்து அக்கா, தூக்குப்போசியில் அரிசிம்பருப்புச் சோறு கொடுத்தனுப்பிய சித்தி, ராத்திரி டூட்டி நர்ஸம்மாக்கள், பெரிய டாக்டர், எல்லோருக்கும் கும்பிடு. தனித்தனியாகச் சொல்லவில்லை என்று கோவிச்சுக்காதீங்க. இந்த மடல் பெரும்பாலும் ஒரு பிள்ளைக்கானது. பேரைப் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் ஆறாம் நாள் காலை ரவுண்ட்ஸ் முடிந்து எல்லோரும் நகர்ந்த பிறகு அவர் மட்டும் திரும்பி வந்தார். வெள்ளைக் கோட்டு, கையில் எழுதும் அட்டை. டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. ஃபார்ம் டி என்று மருந்துகளைப் பற்றிய ஆறு வருடப் படிப்பு, அதில் கடைசி வருடம். நம் நாட்டுக்கு 2008-இல்தான் வந்த படிப்பாம். மருந்துக்கடை வைக்கப் படிக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

“ஏனுங்ணா, ஊட்ல தாத்தா சாப்பிடற மாத்திரை அத்தனையும் எடுத்துட்டு வர்றீங்களா? சீட்டு வேண்டாங்க, மாத்திரைங்க. காலி அட்டை கெடந்தாலும் போட்டுட்டு வாங்க.”

எனக்குச் சுருக்கென்றது. சீட்டெல்லாம் ஃபைலில்தானே இருக்கிறது, இதற்காக ஈரோட்டிலிருந்து கோபி போய் வரவா? இருந்தாலும் போனேன். ஏதோ கல்யாணத்தில் தேங்காய் போட்டுக் கொடுத்த மஞ்சப்பையில் அலமாரியில் இருந்ததை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்தேன்.

கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் பேப்பரை விரித்து அட்டைகளை ஒவ்வொன்றாகப் பரப்பினார். பதினான்கு வகை. ஃபைலில் இருந்தது ஒன்பது. இரண்டு அட்டைக்குப் பேர்தான் வேறே, உள்ளே ஒரே கேஸ் மாத்திரை, ஒதுக்கி வைத்தார். அப்புறம் ஒரு சின்ன அட்டையை எடுத்தார்.

“இது எப்பிருந்துங்ணா?”

தலைசுத்தல் மாத்திரை. புரோகுளோர்பெரசின். ஐந்து நாளைக்கு எழுதிக் கொடுத்தது. அதைப் போட்டால் நல்லா இருக்குது என்று அப்புச்சி சொன்னதால், பழைய சீட்டைக் காட்டி மாதாமாதம் வாங்கிக் கொடுத்தது நான்தான். போன வருடம் பங்குனியில் பண்ணாரி குண்டம் (தீமிதி) முடிந்த வாரத்திலிருந்து.

“கை நடுக்கம் எப்பிருந்துங்க?”

அதே வருடம் ஆடிப் பதினெட்டுக்குக் கொடிவேரி போனபோது தேங்காய்பழத் தட்டு அப்புச்சி கையில் நிற்கவில்லை. அதைச் சொல்லும்போதே எனக்கு வயிற்றைக் கலக்கியது.

படுக்க வைத்து ஒரு தடவை பிரஷர் பார்த்தார், 146. நிற்க வைத்து மூன்று நிமிடம் கழித்து, 112. பேப்பர் ஓரத்தில் கோடு போட்டுக் காட்டினார். பிரஷர் மாத்திரையைக் கூட்டியதில் எழுந்தால் தலை சுற்றியிருக்கிறது. சுற்றலுக்கு ஒரு மாத்திரை. அது மூளையில் டோபமின் என்ற ரசாயனம் வேலை செய்யும் இடத்தை அடைத்துக்கொள்ள, நடுக்கமும் விறைப்பும். பார்க்கிறவர்களுக்கு நடுக்குவாதம் (பார்க்கின்சன்) மாதிரியே இருக்கும். நாங்களும் வேறொரு ஊரில் கொண்டுபோய்க் காட்டினோம். சுற்றல் மாத்திரையெல்லாம் ஒரு மருந்தா என்று அங்கே அதைச் சொல்லவே இல்லை. நடுக்கத்துக்கு டிரைஹெக்சிபெனிடில் சேர்ந்தது. வயசானவர்களுக்கு அது புத்தியைத் தடுமாற வைக்கும், மூத்திரத்தைக் கட்டும். மிச்சம்தான் அந்த ராத்திரி, உங்களுக்கே தெரியும்.

அப்புச்சிக்கு 79. கை நடுங்கினால் வயசாச்சு, தள்ளாடினால் வயசாச்சு, ராத்திரியில் செத்துப்போன அண்ணனைக் கூப்பிட்டால் அதுவும் வயசாச்சு. ஒரு வருடத்துக்கும் மேலாக இதையே சொல்லிக்கொண்டிருந்தோம். எப்பிருந்து என்று கேட்க எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

வாங்கிக் கொடுத்தது நான்தான் என்று சொல்லிவிட்டு, ஏச்சு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். “எங்க அமுச்சிக்கு நானே இப்படித்தான் வாங்கிக் குடுத்தனுங்ணா. இந்தப் படிப்புக்கு வந்த பொறவுதான் தெரிஞ்சுது” என்றார். நிஜமோ, எனக்காகச் சொன்னதோ, தெரியாது. வராந்தாவுக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

பெரிய டாக்டரைக் கையோடு கூட்டி வந்ததும் அவர்தான். டாக்டர் அப்புச்சியின் மணிக்கட்டை மடக்கி நீட்டிப் பார்த்தார். சுற்றல் மாத்திரை அன்றே நின்றது. நடுக்க மாத்திரையைச் சட்டென்று விடக்கூடாது என்று படிப்படியாகக் குறைத்தார், பிரஷர் மாத்திரையின் அளவையும் குறைத்தார். (இதைப் படித்துவிட்டு யாரும் தன்பாட்டுக்கு எதையும் நிறுத்தித் தொலைக்காதீங்க.) அந்தப் பிள்ளை ஒரு படிவமும் நிரப்பினார். பேர் இல்லாமல் இனிஷியலும் வயசும் மட்டும். மருந்துகளின் பக்கவிளைவைக் கண்காணிக்க 2010-இல் தொடங்கிய அரசுத் திட்டம், காஜியாபாத்தில் இருக்கும் மையத்துக்குப் போகுமாம். 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நாமே சொல்லலாம் என்றார். எனக்கு இது எதுவும் தெரியாது, உங்களுக்கும் தெரிந்திருக்காது என்றுதான் எழுதுகிறேன்.

டிஸ்சார்ஜ் அன்று டூட்டி முடிந்தும் போகாமல், காலண்டர் அட்டையின் பின்பக்கம் சூரியன், உச்சிப்பொழுது, நிலா என்று வரைந்து, அததற்கு நேராக மாத்திரையை செலோடேப்பில் ஒட்டிக் கொடுத்தார். அப்புச்சிக்கு எழுத்துத் தெரியாது என்று நாங்கள் சொல்லவில்லை; அவரே கண்டுபிடித்திருக்கிறார். அந்த அட்டை இப்போது சாமி படத்துக்குக் கீழே தொங்குகிறது.

இனி எந்த டாக்டரிடம் போனாலும் மஞ்சப்பையும் கூட வரும். வருகிற ஞாயிறு பெரியம்மா வீட்டு மாத்திரை டப்பாவைக் கொட்டிப் பார்க்கப் போகிறேன். பெரியம்மா இப்போதே வைய ஆரம்பித்துவிட்டார்.

அம்மிணி, நடுக்கம் முழுசாகப் போகவில்லை. மாதக்கணக்கில் ஆகும் என்று நீங்கள் சொன்னதுதான். ஆனால் நேற்றுப் பொழுதோட திண்ணையில் உட்கார்ந்து வெத்தலைக்குச் சுண்ணாம்பு அப்புச்சியே தடவினார். பாதி வேட்டியில். உங்களைப் ‘பைக்காரப் புள்ளை’ என்றுதான் சொல்கிறார். வர்ற குண்டத்துக்கு ஊட்டுக்கு வரச் சொல்லி எழுதச் சொன்னார், அவர் கையாலேயே எளநி சீவித் தருவாராம். அருவாளை மட்டும் நாங்கள் இன்னும் கொடுக்கவில்லை.