பாப்பாவின் பேஸ்ட்டைத் தூக்கிப் போடாதே

அன்புள்ள கலாவுக்கு,

பாப்பாவுக்கு ஃப்ளூரைடு பேஸ்ட் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். நிலத்தடித் தண்ணீரிலேயே ஃப்ளூரைடு உப்பு அதிகம் உள்ள தருமபுரிப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் வராவிட்டால்தான் ஆச்சரியம். பெரியப்பா வீட்டில் அத்தனை பேர் முன்பல்லிலும் அதனால் பழுப்புக் கோடு. தேய்த்தால் போகிற கறையா அது? அந்த ஃப்ளூரைடையே பல்லுக்கு நல்லது என்று டியூபில் அடைத்து விற்றால் கோபம் வரத்தான் செய்யும்.

சரி, கணக்கைப் பார். 1000 பிபிஎம் (கிராமுக்கு 1 மில்லிகிராம் ஃப்ளூரைடு) பேஸ்ட்டில் ஓர் அரிசி அளவு எடுத்தால் சுமார் 0.1 மில்லிகிராம் ஃப்ளூரைடு. மூன்று வயது வரை அவ்வளவு போதும். இரண்டு வேளையும் துப்பாமல் விழுங்கினாலும் 0.2தான். லிட்டருக்கு 3 மில்லிகிராம் உள்ள போர் தண்ணீரோ, ஒரு லிட்டரிலேயே 3 மில்லிகிராமை உள்ளே இறக்கிவிடும். இந்தியத் தர நிர்ணயம் சொல்வது லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை.

பேஸ்ட் பல்லின் மேல் பட்டுத்தான் சொத்தையைத் தடுக்கிறது. கறை விழுவது வேறு வழியில்: நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகும்போது அதிகமாக விழுங்குவதால். முன்பற்களுக்கு அந்தக் காலம் முதல் மூன்று, நான்கு வயது. பாப்பா இப்போது அதில்தான் இருக்கிறாள்.

கேன் தண்ணீர் வாங்குகிறோம் என்றாய். குடிக்க மட்டும்தானே? சோறும் பருப்பும் போர் தண்ணீரில்தானே வேகிறது! காய்ச்சினாலும் ஃப்ளூரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற செறிவு கூடத்தான் செய்யும். காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-லேயே தொடங்கிவிட்டது. உங்கள் தெருக் குழாயில் வருவது அந்தத் தண்ணீர்தானா, உள்ளூர் போர் தண்ணீரும் கலக்கிறதா என்று விசாரி. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் கொடுத்தால் அளவைச் சொல்லிவிடுவார்கள்.

இன்னொன்று. ஆர்.ஓ. தண்ணீரில் ஃப்ளூரைடு பெரும்பாலும் போய்விடும். எல்லாவற்றுக்கும் அதையே பயன்படுத்தத் தொடங்கினால் சொத்தையைத் தடுக்கப் பேஸ்ட்தான் மிச்சம். அந்த நேரத்தில் போய் ஃப்ளூரைடு இல்லாத மூலிகைப் பேஸ்ட்டுக்கு மாறாதே. பிஸ்கட்டும் மிட்டாயும் தின்கிற பிள்ளை.

டியூபை நீயே பிதுக்கு, அவள் கையில் கொடுக்காதே. ஸ்ட்ராபெரி வாசனைக்கு ஆசைப்பட்டு உறிஞ்சிவிடுவாள். மூன்று வயதுக்கு மேல் பட்டாணி அளவு, துப்பவும் பழக்கு.

தண்ணீர் முடிவு வந்ததும் எனக்கு அனுப்பு. 1.5-ஐத் தாண்டியிருந்தால் சமையலுக்கும் தண்ணீரை மாற்றச் சொல்லி மாப்பிள்ளையிடம் நானே பேசுகிறேன்.

அன்புடன்,
அண்ணன்