எந்த விலாசத்துக்கு அனுப்புவது?

அன்புள்ள பாப்பாவுக்கு,

மழை பெய்த மறுநாள் காலையில் வண்டி கிளம்பவே மாட்டேன் என்று அடம்பிடிக்கிறதாமே. அம்மாவிடம் சொன்ன ஆள் என்னிடமும் சொல்லியிருக்கலாம். அந்த வண்டியில் நான் கழற்றி மாட்டாத போல்ட் உண்டா? சரி, போகட்டும்.

முதலில் காது கொடுத்துக் கேள். சாவியைத் திருப்பினால் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா? அப்படியென்றால் பேட்டரி இறங்கியிருக்கும், இல்லாவிட்டால் டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருக்கும். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியைத் திட்டாதே. வெயில் ஏறியதும் தானாகக் கிளம்பிவிடுகிறது என்று அம்மா சொன்னாள். அப்படியானால் பிளக் வயர்தான், அல்லது ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்டைப் பிரித்துவிடுகிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி.

பேட்டரி வோல்ட்டை ஏற்றிக்கொடுக்கிற காயிலிலிருந்து பிளக்குக்குப் போவது 20,000 வோல்ட்டுக்கு மேல். வயரின் ரப்பரில் மயிரிழை அளவு வெடிப்பு இருந்து, அதில் ஈரம் ஏறினால் போதும், கரண்ட் அந்த வழியாகவே இன்ஜின் இரும்புக்குள் இறங்கிவிடும். பிளக்கில் பொறி வராது. வண்டி ஸ்டார்ட் ஆகிற நாளில், இருட்டியபின் பானெட்டைத் திறந்துவைத்து ஓடவிட்டுப் பார். வயர் மேல் நீலமாக மினுக்கினால் அதை மாற்றிவிடலாம். கை வைக்காதே, பார்த்தால் போதும். முடியைக் கட்டிக்கொள், ஃபேன் சுற்றும்.

அப்புறம் இன்ஜினை அணைத்துவிட்டு அந்த டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்று. உள்ளே வியர்த்திருந்தால் காய்ந்த துணியால் துடை. முனைகளுக்கு நடுவே பென்சிலால் கிழித்ததுபோல் மெல்லிய கறுப்புக் கோடு இருந்தால் துடைத்துப் பயனில்லை, மூடியையே மாற்ற வேண்டும். வயர்களை ஒவ்வொன்றாகத்தான் கழற்றி மாட்ட வேண்டும். சின்னவன் எல்லாவற்றையும் ஒன்றாக உருவிவிட்டு முழித்த முழி உனக்குத் தெரியுமே.

நீ செய்துவிடுவாய். பள்ளிக்கூடம் போகும்போதே தனியாக டயர் மாற்றியவள் என்று இன்றைக்கும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். போனை எடுத்து அப்பாவோடு ரெண்டு வார்த்தை பேசத்தான் உனக்கு வராது.

ஒன்று கேட்க வேண்டும். அந்த வீட்டில் வண்டி நிற்கிற இடத்துக்கு மேலே கூரை இருந்ததே. அங்கே நின்றால் இவ்வளவு ஈரம் ஏற வழியில்லை. இப்போது ராத்திரியில் வண்டி எங்கே நிற்கிறது? மாப்பிள்ளையைக் கேட்கலாமென்றால் அவரும் போனை எடுப்பதில்லை. வண்டியைப் பற்றித்தான் கேட்கிறேன்.

பிடிக்கவில்லை என்று செல்ஃபை விடாமல் அடிக்காதே. பத்து விநாடி, அதற்கு மேல் வேண்டாம். அரை நிமிஷம் விட்டு மறுபடி அடி. இன்ஜின் ஓடும்போது வயரில் கை வைக்காதே.

புது மூடியும் ஒரு செட் வயரும் வாங்கி வைத்துவிட்டேன். பழைய விலாசத்துக்கே அனுப்பட்டுமா, வேறு விலாசம் இருக்கிறதா? அதை மட்டும் எழுது. நான் ஒன்றும் கேட்க மாட்டேன், அம்மாவிடமும் சொல்ல மாட்டேன்.

அப்பா