பங்கு போனாலும் புள்ளி போகாது

உ
சிவமயம்

பள்ளத்தூர்

அன்புள்ள ராசாவுக்கு ஆத்தா எழுதிக்கொள்வது.

நேற்று ராத்திரி நீ பேசிவிட்டு போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. சிங்கப்பூரில் சொந்தமாக வீடு வாங்கப் போகிறாய் என்றதும் மனசு நிறைந்துவிட்டது. எட்டு வருடமாக வாடகைக்கு இருந்து, ஒப்பந்தம் முடியும்போதெல்லாம் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு அலைந்த பிள்ளைகள் நீங்கள். ஆனால் கடைசியில் ஒன்று சொன்னாயே, "ஊர் வீட்டுப் பங்கையெல்லாம் அங்கே எழுத வேண்டாம் ஆத்தா. என் பேரில் பட்டா கூட இல்லை. யாருக்குத் தெரியப்போகுது" என்று. அதுதான் நெஞ்சை அழுத்துகிறது. போனில் சொன்னால் "சரி சரி" என்று முடித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். பொறுமையாகப் படி. மருமகளும் படிக்கட்டும்.

நீ அனுப்பிய தாள்களைத் தங்கச்சி பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள். இரண்டு தடவை படித்து, உன்னைப் பெற்ற அப்பச்சியின் பழைய டைரியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறு லட்சம் வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) நாலறை வீடு. அங்கே நாலறை என்றால் மூன்று படுக்கையறையும் ஒரு கூடமும் என்று இப்போதுதான் புரிந்தது. நீங்கள் இரண்டு பேருமே நிரந்தரவாசிகள் என்பதால் அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கடன் தராது, பாங்குதான் தரும். அதுவும் முக்கால் பங்குதான். மிச்சம் ஒன்றரை லட்சம் வெள்ளி நம் பொறுப்பு. அதில் 30,000 கட்டாயம் ரொக்கமாகக் கட்ட வேண்டும், 1,20,000-ஐ மத்திய சேம நிதியில் இருந்து எடுக்கலாம். இது போக முத்திரை வரி 12,600 வெள்ளி. நிரந்தரவாசி என்பதற்காகக் கூடுதலாக 5 சதவீதம், அது ஒரு 30,000. வக்கீல் பீஸ், பெயிண்ட், மின்விசிறி எல்லாம் தனி. நீ போனில் "ஒன்றரை லட்சம் இருந்தால் போதும்" என்றாய். போதாது ராசா. இரண்டு லட்சம் என்று வைத்துக்கொள். கழகத்தின் மதிப்பீட்டுக்கு மேல் விற்கிறவர் எவ்வளவு கேட்டாலும் அந்த மேல்தொகை முழுக்க ரொக்கம்தான். விலை பேசி முடித்த பிறகுதான் அந்த மதிப்பீடே வரும். அதனால் அவசரப்பட்டு வாயைக் கொடுக்காதே.

இன்னொன்றை நீ சரியாகப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். அந்த வீட்டின் 99 வருடக் குத்தகை 1984-ல் தொடங்கியது, 2083-ல் முடிகிறது. வாங்குகிறவர்களில் இளையவருக்கு 95 வயது ஆகும்வரை குத்தகை இருந்தால்தான் சேம நிதிப் பணத்தை முழு அளவுக்கு எடுக்கவிடுவார்கள். மருமகள் பிறந்தது 1994. அவளுக்கு 95 ஆவது 2089-ல். ஆறு வருடம் இடிக்கிறது. அப்படியானால் எடுக்கிற தொகைக்கு வரம்பைக் குறைத்துவிடுவார்கள். எவ்வளவு குறையும் என்பதை சேம நிதி வலைத்தளத்திலேயே கணக்குப் போட்டுப் பார்த்துவிடு. இந்த வீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் பக்கத்தில், ரயில் நிலையம் நடக்கிற தூரம் என்றாய், நல்லதுதான். ஆனால் 1990-களில் கட்டிய வீடு கொஞ்சம் தள்ளிக் கிடைத்தாலும் ஒரு தடவை போய்ப் பார்.

பார்க்கப் போகும்போது, பெரிய மழை பெய்த மறுநாள் போ. குளியலறைக் கூரையை அண்ணாந்து பார். மேல்வீட்டுத் தண்ணீர் இறங்கியிருந்தால் பெயிண்டுக்கு அடியில் உப்புப் பூத்து உப்பிக்கொண்டு நிற்கும், விரலால் தட்டினால் பொலபொலவென்று உதிரும். நம் வீட்டு இரண்டாங்கட்டில் எத்தனை வருடம் பார்த்திருக்கிறோம். சாயங்காலம் நாலு மணிக்கும் ஒரு தடவை போ, மேற்கு வெயில் எந்த அறையில் விழுகிறது என்று தெரியும். அப்புறம் ஒவ்வொரு பிளாக்கிலும் இன்னாருக்கு இத்தனை சதவீதம்தான் என்று வரம்பு இருக்கிறதே, அந்த பிளாக்கில் இந்தியர்களுக்கான விகிதத்திலும், மலேசியர் அல்லாத நிரந்தரவாசிகளுக்கான 8 சதவீதத்திலும் இடம் இருக்கிறதா என்று முதலில் பார். அது மாதாமாதம் மாறுமாம். ஆசைப்பட்ட பிறகு இல்லை என்றால் மருமகள் முகம் வாடிவிடும்.

சரி, பங்கு விஷயத்துக்கு வருகிறேன்.

உன் பேரில் பட்டா இல்லை என்பது உண்மை. ஆனால் அப்பச்சி கண்மூடிய அன்றே பங்கு வந்துவிட்டது ராசா. வாரிசுச் சான்றிதழில் நான், நீ, சின்னவன், தங்கச்சி என்று நாலு பேரும் இருக்கிறோம். வீடு ஆறு பங்கு, அதில் நமக்கு ஒன்று, அதில் நாலில் ஒன்று உனக்கு. இருபத்துநாலில் ஒரு பங்கு. முகப்பில் இரண்டு தூண் கூட உன் கணக்கில் வராது. ஆனாலும் பங்கு பங்குதான். பிளாட் வாங்கும் நிரந்தரவாசிக்கு உள்நாட்டிலோ வெளிநாட்டிலோ வேறு குடியிருப்பு வீடு இருந்தால், வாங்கிய ஆறு மாதத்துக்குள் அதை விட்டுவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். விற்கிறவரிடம் ஆப்ஷன், அதாவது வீட்டை வாங்கும் உரிமைக்கான தாள், வாங்குவதற்கு முன்னாலேயே கழகத்தின் தகுதிக் கடிதம் கையில் இருக்க வேண்டும், அந்த விண்ணப்பத்திலேயே சொத்து விவரத்தைக் கேட்கிறார்கள். அங்கே "இல்லை" என்று தட்டிவிட்டு நீ நிம்மதியாகத் தூங்குவாயா? பொய்யாக எழுதிக் கொடுத்தது தெரிந்தால் வீட்டையே எடுத்துக்கொள்ளும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. இருபத்தைந்து வருடம் கடன் கட்டப் போகிற வீட்டில் ஒவ்வொரு தபாலையும் பயந்து பயந்து பிரிக்க வேண்டியிருக்கும்.

உன் ஐயா, அதாவது தாத்தா, சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் நம் செட்டியார்கள் வட்டிக்கடை வைத்திருந்த கிட்டங்கியில் இருந்தவர்கள். நீ பார்க்காத இடம், 1970-களில் இடித்துவிட்டார்கள். ஒரு நீளக் கூடம், அதில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு பெட்டி, ஒரு சாய்வு மேஜை, ராத்திரி அதன் பக்கத்திலேயே பாயை விரித்துப் படுக்கை. பூட்டுவதற்கு அறைக்கதவு கிடையாது. அடுத்த பெட்டிக்காரர் கைநீட்டினால் எட்டுகிற தூரத்தில் இன்னொருவருடைய முதல் கிடந்தது. பேரேட்டில் ஒரு வரி பொய் எழுதினவன் என்று பெயர் வந்தால் டாங்க் ரோடு முருகன் கோயிலில் கூட முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள் என்று ஐயா சொல்வார்கள். அதே ஊர்க்காரர்களிடம்தான் நீ இப்போது எழுதிக் கொடுக்கப் போகிறாய்.

ஐயா முப்பது வருடம் அங்கே இருந்தும் ஓர் அடி நிலம் வாங்கவில்லை. அதற்குக் காரணம் பர்மா. என் ஐயா வீட்டுப் பெட்டகத்தில் பர்மா பத்திரங்கள் இன்னமும் கட்டுக்கட்டாக இருப்பதை நீ சின்ன வயதில் பார்த்திருக்கிறாய். நம்மவர்கள் நிலம் தேடிப் போனவர்கள் இல்லை, வட்டிக்குக் கொடுத்தவர்கள். 1930-க்குப் பிறகு நெல் விலை விழுந்து கடன் திரும்பாமல், ஈடு வைத்த வயல்கள் கைக்கு வந்தன. 1938 வாக்கில் கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறக்குறைய கால்வாசி நம்மவர் கையில். 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது பத்திரத்தைத்தான் தூக்கிக்கொண்டு வர முடிந்தது. அந்தப் பயத்தில்தான் உன் அப்பச்சியும் "வாடகைக்கே இரு" என்று உன்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இப்போது நினைக்கவில்லை. அது கடனுக்கு வந்து சேர்ந்த வயல், இது நீ குடியிருக்கப் போகிற வீடு. பேத்தி அங்கேதான் பிறந்தாள், அங்கேதான் பள்ளிக்கூடம் போகிறாள். வாங்கு.

அதனால் இப்படிச் செய். கழகத்துக்கே உள்ளது உள்ளபடி எழுதிக் கேள். பூர்வீக வீடு, ஆறு பங்காளிகள், அப்பச்சி இறந்ததால் வந்த இருபத்துநாலில் ஒரு பங்கு, தனியாக விற்க வழியில்லை என்று எல்லாவற்றையும் எழுது. பதிலை எழுத்திலேயே வாங்கு. பங்கை விடத்தான் வேண்டும் என்றால், சின்னவன் பேருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடு.

இதை எழுத எனக்குக் கை கூசவில்லை. விடியற்காலையில் வளவில் உட்கார்ந்து இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். நாலு பக்கமும் ஓட்டுச் சரிவு, நடுவில் வானம். உன் அப்பத்தா மழைக்காலத்தில் ஓட்டு விளிம்புக்கு நேராக அண்டா, கிடாரம் எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, முதல் மழையைக் கொட்டிவிட்டு அடுத்த மழையைப் பிடிப்பார்கள். நீ அந்த வெள்ளைக்கருச் சாந்துச் சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு நிற்பாய், கண்ணாடி மாதிரி ஜில்லென்று இருக்கும் என்று. இதையெல்லாம் பத்திரத்தில் எழுதிக் கொடுக்க முடியுமா?

நீ போனில் சொல்லாமல் விட்டது ஒன்று எனக்குத் தெரியும். பங்கை விட்டால் ஊரில் நமக்கு என்ன இருக்கிறது என்று நினைக்கிறாய். நம் நகரத்தார் கோயிலில் உன் கல்யாணத்தன்று மாலை வாங்கி, உன் பெயரைக் கோயில் கணக்கில் தனிக் குடும்பமாக, ஒரு புள்ளியாகச் சேர்த்தார்களே, அது வீட்டுப் பங்கை வைத்துச் சேர்த்தது இல்லை. புள்ளிவரி உன் பேருக்குத்தான் வரும், முன்னோர் படைப்புக்கு உன்னைத்தான் கூப்பிடுவார்கள். பங்கு போனாலும் புள்ளி போகாது. சின்னவனிடம் பேசிவிட்டேன். அவன் முதலில் "எனக்கு எதுக்கு" என்று மறுத்தான். அப்புறம் "அண்ணன் எப்ப வந்தாலும் அந்த மேலக்கோடி அறை அண்ணனுக்குத்தான், சாவி மாடத்திலேயே தொங்கும்" என்றான். உண்மையில் அவனுக்கு இது பாரம்தான். இந்த வருடம் ஓடு மாற்றுவதற்கு ஆறு பங்காளிகளில் இரண்டு பேர் பணமே தரவில்லை. பக்கத்துத் தெருவில் அப்படித்தான் ஒரு வீட்டைக் கவனிக்காமல் விட்டு, தேக்குத் தூணைப் பெயர்த்து வண்டியில் ஏற்றினார்கள். நான் வாசலில் நின்று பார்த்தேன், சோறு இறங்கவில்லை. நீ விட்டுக் கொடுக்கும் பங்குக்குப் பணம் எதுவும் கேட்காதே. முடிந்தால் ஓட்டுச் செலவில் கொஞ்சம் கொடு.

பத்திரச் செலவு பெரிதில்லை. குடும்பத்துக்குள் விடுதலை என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய்தான், பதிவுக் கட்டணம் தனி. நீ நேரில் வர முடியாவிட்டால் அங்கே இந்தியத் தூதரகத்தில் பவர் எழுதி அனுப்பு. பவர் இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரை வைத்துவிட வேண்டும், அதை மட்டும் தள்ளிப்போடாதே. தங்கச்சி பெயரில் எழுதலாம் என்றால் தாராளமாகப் பேசு, அவள் வேண்டாம் என்றுதான் சொல்கிறாள்.

என் பெயரில் இருக்கும் டெபாசிட்டில் ஒன்று தை மாதம் முடிகிறது. 10 லட்சம் ரூபாய் உனக்கு அனுப்புகிறேன். ஒரு நிதியாண்டில் அந்த அளவுக்குள் இருந்தால் பாங்கில் வரி பிடிக்க மாட்டார்கள் என்று விசாரித்துவிட்டேன். கடனாக நினைக்காதே. திரும்பக் கொடுக்கிறேன் என்று சொல்லி என்னை வருத்தப்பட வைக்காதே.

சாவி கைக்கு வந்ததும் தேதி சொல். பால் காய்ச்ச அப்பத்தாவின் வெண்கலச் சட்டியைப் புளி போட்டு விளக்கி எடுத்து வைத்திருக்கிறேன். ஏழு கிலோவுக்குள் கைப்பையில் வருமா என்று சின்னவன் நிறுத்துப் பார்க்கிறான். அடுப்பு எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்று மட்டும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

இப்படிக்கு,
ஆத்தா