லேப்டாப் விளம்பரத்தில் முழு எண்ணையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கல்லூரிகள் திறக்கும் நேரத்தில் வேலூர், காட்பாடி கடைகளின் லேப்டாப் விளம்பரங்கள் நாளிதழ்களில் நிறைய வருகின்றன. 'ஐ5' (இன்டெல்), 'ரைசன் 5' (ஏஎம்டி) என்று செயலியின், அதாவது புராசஸரின், பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டு, பக்கத்திலேயே விலை. அந்த 5-க்குப் பின்னால் வரவேண்டிய இலக்கங்களையும் எழுத்தையும் மட்டும் காணோம். பொருளின் தரம் இருப்பதே அவற்றில்தான்.

ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு இரண்டையும் பாருங்கள். முன்னதில் 4 கோர் (செயலிக்குள் கணக்கிடும் தனித்தனிப் பகுதி). 2019-இல் வந்த ஜென் 2 வடிவமைப்பு. பின்னதில் 6 கோர். அடுத்த தலைமுறையான ஜென் 3. ரைசன் 5 7640எச்எஸ் என்றால் ஜென் 4. மூன்றுக்கும் ஒரே ரைசன் 5 ஸ்டிக்கர். இந்த 7000 வரிசையில் முதல் இலக்கம் ஆண்டைத்தான் குறிக்கிறது (7 என்றால் 2023). வடிவமைப்பைச் சொல்வது மூன்றாவது இலக்கம். 7520யு-வில் இன்னொரு சிக்கலும் உண்டு. அது எல்பிடிடிஆர்5 என்ற வகை ராமை மட்டுமே ஏற்கும். அந்த ராம் மதர்போர்டிலேயே பற்றவைத்து வரும். 8 ஜிபி வாங்கினால் கடைசிவரை 8 ஜிபிதான். ஆப் உருவாக்கும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவும், கணினிக்குள் இன்னொரு கணினிபோல ஓடும் விர்ச்சுவல் மெஷினும் ஓட்டவேண்டிய பொறியியல் மாணவருக்கு அது இரண்டாம் ஆண்டிலேயே திணறும்.

இன்டெலில் கடைசி எழுத்தைக் கவனிக்க வேண்டும். ஐ7-1255யு-வில் வேகமான பெரிய கோர் 2, சிறிய கோர் 8. அடிப்படை மின் அளவு 15 வாட். ஐ5-12500எச்-இல் பெரியது 4, சிறியது 8, 45 வாட். கேட் (கணினியில் பொறியியல் வரைபடம்), வீடியோ எடிட்டிங் போல நீண்ட நேரம் ஓடும் வேலையில் இந்த ஐ5 அந்த ஐ7-ஐ முந்திவிடும். டேலியும் டைப்பிங்கும் போதும் என்பவர்களுக்கு யு வகையே நல்லது: சூடு குறைவு, பேட்டரியும் நிற்கும். நம் ஊர் கத்திரி வெயிலில், மின்விசிறி மட்டுமே உள்ள அறையில் எச் வகை லேப்டாப்பை மெத்தைமேல் வைத்து ஓட்டினால், காற்றுவழி அடைபட்டுச் செயலி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

2023 இறுதியிலிருந்து இன்டெலின் புதுப் பெயர்களால் குழப்பம் கூடிவிட்டது. கோர் அல்ட்ரா 5 125எச் புதிய வடிவமைப்பு. கோர் 5 120யு பழைய 13-ஆம் தலைமுறையின் வடிவமைப்பே. 'அல்ட்ரா' இருக்கிறதே என்றும் நிம்மதியாக இருக்க முடியாது: ஏஐ வசதியுள்ள கணினிகளுக்கு மைக்ரோசாஃப்ட் தரும் 'கோபைலட் பிளஸ்' தகுதிக்கு 40 டாப்ஸ் (ஒரு டாப்ஸ் என்றால் நொடிக்கு லட்சம் கோடி கணக்கு) திறனுள்ள என்பியு, அதாவது ஏஐ வேலைக்கான தனிப் பகுதி, வேண்டும், 125எச்-இல் இருப்பது ஏறக்குறைய 11. ஆனாலும் 'ஏஐ லேப்டாப்' என்றே விற்கிறார்கள்.

இந்தக் கூத்து 2003-இல் இன்டெலின் 'சென்ட்ரினோ' ஸ்டிக்கர் வந்தபோதே தொடங்கிவிட்டது. அது செயலியின் பெயரே அல்ல. பென்டியம் எம் செயலி, இன்டெல் சிப்செட், இன்டெல் வைஃபை மூன்றும் சேர்ந்தால்தான் அந்த ஸ்டிக்கர். வைஃபை வேறு நிறுவனத்துடையது என்றால், அதே செயலி இருந்தும் அந்தப் பெயர் கிடையாது. 2010-இல் வைஃபை கார்டுக்கே அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள்.

செகண்ட் ஹேண்டில் 'ஐ5' வாங்குவோர் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஐ5-7200யு-வில் 2 கோர், ஐ5-8250யு-வில் 4 கோர். விண்டோஸ் 11-ஐ ஏற்கும் செயலிகளின் பட்டியலில் 7200யு இல்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது.

பணம் கட்டுமுன் கடையிலேயே லேப்டாப்பை ஆன் செய்து கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். திறக்கும் டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபாமென்ஸ்' பகுதிக்குப் போய் 'சிபியு'வைத் தொட்டால் முழு எண்ணும் கோர் எண்ணிக்கையும் தெரியும். 'மெமரி'யில் 'ஃபார்ம் ஃபாக்டர்' என்ற இடத்தில் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றிருந்தால் அந்த ராம் பற்றவைத்தது. பில்லில் 'ஐ5 லேப்டாப்' என்று எழுதினால் ஏற்காதீர்கள். முழு எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். பின்னால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக நேர்ந்தால் கையில் இருக்கும் சான்று அதுதான்.

பொருளின் தரத்தை அறியும் உரிமையை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமக்குக் கொடுத்திருக்கிறது. எனவே தங்கள் விளம்பரப் பிரிவுக்கு ஒரு வேண்டுகோள்: லேப்டாப் விளம்பரம் எதுவானாலும் செயலியின் முழு எண், ராம் பற்றவைத்ததா மாற்றக்கூடியதா என்ற இரண்டும் இல்லாமல் ஏற்க வேண்டாம். விலைக்குக் கீழே ஒரு வரி இடம் போதும்.

இப்படிக்கு,
லேப்டாப் பழுதுபார்ப்பவர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.