நான்காவது பாட்டில்

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வந்து 3 வாரமாகிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று அலைந்ததில் பதில் தள்ளிப்போனது. இப்போது அம்மா ஒரு சீரியல் விடாமல் பார்க்கிறாள்.

மருந்துக்கடை எப்படி என்று கேட்டிருந்தாய். யாவாரம் கிடக்கட்டும். அரசு தரும் காசநோய் மாத்திரையை இப்போது நம் கடையிலிருந்தும் கொடுக்கிறேன். முதல் ஆள் ஒரு லோடுமேன். ஒரே மாதத்தில் 4 பாட்டில் இருமல் சிரப் கேட்டு வந்தவர். மூன்று பாட்டில் வரை நானும் காசை வாங்கிக் கல்லாவில் போட்டேன், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. நான்காவது தடவைதான் சட்டை தோளில் தொளதொளவென்று தொங்குவது கண்ணில் பட்டது. சிரப் கொடுக்காமல் சளிப் பரிசோதனைக்கு அனுப்பினேன். இருந்தது.

எடை 46 கிலோ, அதனால் தினம் 3 மாத்திரை, வெறும் வயிற்றில். மூன்றாம் நாள் நான் ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் நிற்கிறார். "அண்ணே, ஒன்னுக்கு ரத்தமாப் போகுது." அந்த மாத்திரையில் ரிஃபாம்பிசின் என்ற மருந்து இருக்கிறது, அதைச் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில்தான் போகும். முதல் நாளே சொல்லாதது என் தப்பு. பயந்து நிறுத்தியிருந்தால்?

எச்.ஐ.வி. மாத்திரையும் இப்படித் தரலாமே என்று எழுதியிருந்தாய். தென்னாப்பிரிக்காவில் 2014-லிருந்து, நோய் கட்டுக்குள் இருப்பவர்கள் பக்கத்து மருந்துக்கடையிலேயே வாங்கிக்கொள்ள ஏற்பாடு உண்டு. பஸ் செலவும் ஒருநாள் கூலியும் மிச்சம். ஆனால் என் கடை உனக்குத் தெரியும். கல்லா முன்னால் எப்போதும் நாலு பேர், அதில் ஒருத்தர் வந்தவருக்குச் சொந்தக்காரராக இருப்பார். தனியாகப் பேச அட்டைப்பெட்டி அடுக்கிய மூலைதான். அதோடு, இரண்டு நோயும் உள்ளவர் ரிஃபாம்பிசின் சாப்பிடும்வரை டோலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தை ஒரு வேளைக்குப் பதில் இரண்டு வேளை போடவேண்டும். நான் இல்லாத நேரத்தில் கடைப்பையன் எடுத்துக் கொடுத்தால் என்ன கதி?

லோடுமேனுக்கு 2 மாதம் முடிந்தது, இன்னும் 4 மாதம். இருமல் போயே போச்சு, எனக்கு அதுதான் பயம்; குணமாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்திவிடுவாரோ என்று. போன வாரம் மாத்திரை வாங்கவேண்டிய நாளில் ஆளைக் காணோம். போன் போட்டால், அக்கா மகளுக்குக் காதுகுத்தாம், உசிலம்பட்டியில் இருக்கிறார். "கையில மூணு நாளைக்கு இருக்குண்ணே" என்றார். திரும்பி வந்ததும் காலி அட்டையை வாங்கி எண்ணிப் பார்த்தேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

பொங்கலுக்கு வருகிறாயா? எழுது.

உன்,
மருந்துக்கடைக்காரன்