கைதோடு கதையை முடிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெண் துப்பறிவாளர்களை வைத்து ஒரு புதிய தொலைக்காட்சிக் குற்றத் தொடர் தயாராகிறது என்று சென்ற இதழில் படித்தேன். கதை இன்னும் பேச்சில்தான் இருக்கிறதாம். நல்லதாயிற்று. படப்பிடிப்பு முடிந்த பிறகு குறை சொல்லி என்ன பயன்?

எனக்கும் இந்த விஷயத்துக்கும் தூரத்துச் சொந்தம் உண்டு. நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சாட்சியம் சொல்லச் சொல்ல அடிப்பது வேலை. எத்தனையோ விசாரணை அதிகாரிகள் கூண்டில் ஏறி இறங்குவதைக் கை எட்டும் தூரத்தில் பார்த்திருக்கிறேன்.

அதில் ஒரு நாள் மட்டும் அப்படியே மனதில் நிற்கிறது. கூண்டில் ஒரு பெண் அதிகாரி. எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார். கத்தியைக் கைப்பற்றியபோது எழுதிய தாள். அதில் நேரம் அடித்துத் திருத்தப்பட்டிருந்தது. "இதை ஸ்டேஷனுக்குப் போய் உட்கார்ந்து மாற்றினீர்கள், அப்படித்தானே?" என்றார். அந்த அம்மாள் பதறவில்லை. "இல்லை. அங்கேயே திருத்தினேன். முதலில் அந்த வீட்டுச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து எழுதிவிட்டேன். அது பத்து நிமிஷம் மெதுவாக ஓடுகிறது என்று அப்புறம்தான் தெரிந்தது. திருத்தத்துக்குப் பக்கத்திலேயே என் கையெழுத்து இருக்கிறது, சாட்சிகளுடையதும் இருக்கிறது, பாருங்கள்." வக்கீல் தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். இருந்தது. பேசாமல் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அடித்துக்கொண்டிருந்த என் கை ஒரு நொடி நின்றுவிட்டது.

எந்தத் தொடரிலும் இந்த மாதிரி ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை. தொடர்களில் பெண் அதிகாரி என்றால் கறுப்புக் கண்ணாடி, மெதுவான நடை, ரவுடிக்கு ஓர் அறை. வீட்டுக்குப் போனால் பழைய சோகம். நடுவில் அவர் எப்போது விசாரித்தார் என்பதே தெரியாது. கடைசியில் விலங்கு மாட்டியதும் பின்னணி இசை, சுபம். நிஜத்தில் தலைவலியே அதற்குப் பிறகுதான் ஆரம்பம்.

இங்கிலாந்தில் 1991-இல் வந்த 'பிரைம் சஸ்பெக்ட்' தொடர் இன்றைக்கும் பேசப்படுகிறது என்றால் காரணம் இருக்கிறது. ஒரு கொலை வழக்கை விசாரித்துவந்த ஆண் அதிகாரி மாரடைப்பில் இறந்துபோகிறார். ஹெலன் மிர்ரன் நடித்த ஜேன் டென்னிசன் அந்த வழக்கைக் கேட்டு வாங்குகிறார். குழுவில் உள்ள ஆண்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவர் அதற்கு ஆவேச வசனம் பேசி ஜெயிக்கவில்லை. இறந்தவள் யார் என்று முடிவு செய்ததிலேயே தப்பு நடந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கிறார். அதற்கு மேல் யார் என்ன சொல்ல முடியும்? அதை எழுதிய லிண்டா லா பிளான்ட், ஜாக்கி மால்ட்டன் என்ற நிஜப் பெண் அதிகாரியிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். புதிய தொடர்க்காரர்களும் முதல் செலவை அதற்கே செய்யட்டும். ஓய்வு பெற்ற பெண் அதிகாரி ஒருவரைக் கதை விவாதத்தில் உட்கார வைக்கட்டும். ஒப்புக்கு ஒரு நாள் கூப்பிட்டு, சால்வை போட்டு அனுப்பினால் போதாது.

அடுத்தது பிணம். துப்பறிகிறவள் பெண், ஆனால் வாரா வாரம் ஓர் இளம்பெண் செத்துக் கிடப்பாள், கேமரா அவள் மேல் ஊர்ந்துகொண்டே இருக்கும் என்றால் அந்தத் தொடரால் என்ன புண்ணியம்? 'த கில்லிங்' என்ற டேனிஷ் தொடர் 2007-இல் வந்தது. முதல் வழக்கை 20 எபிசோடு எடுத்தார்கள், எபிசோடுக்கு ஒரு நாள் கணக்கு. இறந்த பெண்ணின் அப்பா, அம்மா, தம்பிகள் அந்த நாட்களை எப்படிக் கடக்கிறார்கள் என்பது விசாரணைக்குச் சமமாக ஓடும். அதில் எனக்கு ஒரு குறையும் உண்டு. துப்பறியும் சாரா லுண்டுக்கு வேலை பெருகப் பெருக வீடு உடைந்துகொண்டே போகும். இது இப்போது வழக்கமாகிவிட்டது. வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குகிற ஒரு பெண் துப்பறிவாளரை யாராவது எழுதக்கூடாதா?

செய்தியில் 'துப்பறிவாளர்கள்' என்று பன்மையில் போட்டிருந்தீர்கள். அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒருத்தி என்றால் அவளே பெண்குலத்துக்கெல்லாம் பிரதிநிதி ஆகிவிடுவாள். இரண்டு பேர் என்றால் ஒருத்தி தப்புச் செய்யலாம், இன்னொருத்தி திட்டலாம். அமெரிக்காவின் 'கேக்னி அண்ட் லேசி' ஓடியது இந்த வித்தியாசத்தில்தான்: ஒருத்தி தனி ஆள், இன்னொருத்தி குடும்பஸ்தி. 1983-இல் தொலைக்காட்சி நிறுவனம் அதை நிறுத்தியபோது நேயர்கள் கடிதம் மேல் கடிதமாக எழுதினார்கள். மறு ஆண்டே தொடர் திரும்பி வந்தது. ஆகவே கடிதம் எழுதுகிறவர்களை லேசாக எண்ண வேண்டாம் என்று தயாரிப்பாளர்களிடம் சொல்லிவையுங்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். கைதை நடுவிலேயே வைத்துவிடுங்கள். கடைசி இரண்டு எபிசோடை நீதிமன்றத்துக்கு விடுங்கள். இரண்டு பேரும் தனித்தனியாகக் கூண்டில் ஏறட்டும். முதல் எபிசோடில் ஒருத்தி அவசரத்தில் எழுதிய ஒரு வரி அங்கே வந்து நிற்கட்டும். அதைச் சமாளிக்கிறாளா, மாட்டிக்கொள்கிறாளா என்பது எழுதுகிறவர் பாடு.

அப்புறம், ஒரு சின்ன விஷயம். தொடர்களில் நீதிமன்றத் தட்டச்சர் எப்போதும் வாயைப் பிளந்து சாட்சியையே பார்த்துக்கொண்டிருப்பார். தயவுசெய்து அவரைத் தட்டச்சு அடிக்கச் சொல்லுங்கள். ஒரு நொடி வேண்டுமானால் நிறுத்திக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தட்டச்சர், உங்கள் நெடுநாள் வாசகி