பழைய படங்களை வைத்த இடத்திலேயே விட்டுவையுங்கள்

ஓடிடி தளங்களில் எந்தப் படம் இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்று முடிவு செய்கிற எல்லோருக்கும்,

வணக்கம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மாவுக்குக் காட்டலாம் என்று ‘தி அபார்ட்மென்ட்’ படத்தைத் தேடினேன். நான்கு மாதம் முன்புதான் அதே தளத்தில் பார்த்திருந்தேன். மறந்துவிடக் கூடாது என்று என் பட்டியலில் சேர்த்தும் வைத்திருந்தேன். இப்போது பட்டியலில் அது இல்லை. பெயரைத் தட்டித் தேடினால் சம்பந்தமே இல்லாத நான்கைந்து படங்கள் வந்து நின்றன. அம்மா அடுப்படி வேலையை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்துவிட்டார். “பரவாயில்லப்பா, வேற ஏதாவது போடு” என்றார். வேறு எதையோ போட்டேன். என்ன படம் என்றுகூட இப்போது ஞாபகம் இல்லை.

உரிமம் என்பது குறிப்பிட்ட காலத்துக்குத்தான் என்பது எனக்குத் தெரியும். காலம் முடிந்தால் படம் போகும், மறுபடி வாங்கப் பணம் வேண்டும், போன மாதம் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு உங்கள் மேசையில் இருக்கும். அந்தக் கணக்கில் 1942-இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம் தோற்றுத்தான் போகும். ஆனால் இந்தப் படங்களை நாங்கள் பார்க்கிற விதமே வேறு. புதுப் படத்தை வந்த வாரமே பார்த்து முடித்துவிடுவோம். இவற்றை வருஷத்துக்கு ஒருமுறை என்று இருபது வருஷம் பார்ப்போம். அப்படிப் பார்க்க வேண்டுமானால் படம் வைத்த இடத்தில் இருக்க வேண்டும். உங்களிடம் நான் கேட்க வந்தது முக்கியமாக இதைத்தான்.

எனக்கு இந்தப் பழக்கம் டிவியில்தான் வந்தது. 90களில் இந்தியாவில் கார்ட்டூன் நெட்வொர்க் நாள் முழுக்க ஓடாது. இரவானால் அதே சேனல் டிஎன்டி என்று மாறிவிடும். அந்தச் சேனலை நடத்திய டர்னர் நிறுவனத்திடம் இருந்த பழைய எம்ஜிஎம், வார்னர் ஸ்டூடியோ படங்களைப் போடுவார்கள். டாம் அண்ட் ஜெர்ரிக்கு முன்னால் உறுமுகிற சிங்கம்தான் அந்த எம்ஜிஎம் படங்களுக்கு முன்னாலும் உறுமும். அதனால் இன்னொரு கார்ட்டூன்தான் வரப்போகிறது என்று எழுந்துபோகாமல் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் அப்படி உட்கார்ந்திருந்தபோது, கொட்டுகிற மழையில் ஒரு ஆள் குடையை மடக்கிவிட்டு விளக்குக் கம்பத்தில் ஏறித் தொங்கிக்கொண்டு பாடினான். ஆங்கிலம் பாதிதான் புரிந்தது. ஆனால் மழையில் நனைந்தால் திட்டு விழும் என்று மட்டும் தெரிந்த வயதில், பெரிய மனுஷன் ஒருவன் வேண்டுமென்றே தேங்கிய தண்ணீரில் குதிப்பதைப் பார்த்தது அப்படியே உள்ளே இறங்கிவிட்டது. அது ‘சிங்கிங் இன் த ரெயின்’, 1952-இல் வந்த படம். அந்தக் காட்சியை எடுத்தபோது ஜீன் கெல்லிக்குக் கடுமையான காய்ச்சல் என்று பிற்பாடு படித்தேன். அப்புறம் எத்தனை முறை பார்த்தாலும், அந்தக் குதியலில் காய்ச்சல்காரரைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

திரும்பத் திரும்பப் பார்ப்பதில் அப்படி என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். இரண்டாம் உலகப் போர்க் காலக் கதையான ‘காஸாபிளாங்கா’வை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை பார்க்கும்போது நம் கண் முழுக்க ஹம்ப்ரி போகார்ட் மேலும் இங்க்ரிட் பெர்க்மன் மேலும்தான் இருக்கும். அவள் யாரோடு விமானம் ஏறுவாள் என்பதுதான் கேள்வி. இரண்டாம் தடவை அது தெரிந்துபோய்விடும். அப்போதுதான் ரிக்கின் (போகார்ட்) விடுதியில் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் கண்ணில் படுவார்கள்.

ஜெர்மன் அதிகாரிகள் பியானோவைச் சுற்றி நின்று தங்கள் பாட்டைப் பாடுகிறார்கள். நாஜிகளை எதிர்க்கும் போராளியும் பெர்க்மனின் கணவருமான லாஸ்லோ வாத்தியக்காரர்களிடம் போய் பிரெஞ்சு தேசிய கீதத்தை வாசிக்கச் சொல்கிறார். அவர்கள் ரிக்கைப் பார்க்கிறார்கள். ரிக் லேசாகத் தலையை அசைக்கிறார். விடுதியே எழுந்து நின்று பாடுகிறது. அதில் ஒரு பெண்ணின் முகம் நெருக்கத்தில் வரும். கண்ணில் நீர் வழிய வழியப் பாடுவாள். கொஞ்ச நேரம் முன்பு ஜெர்மன் அதிகாரி ஒருவனோடு கைகோத்து உள்ளே வந்த அதே பெண்தான். நடித்தவர் மதலேன் லெபோ. 1940-இல் ஜெர்மன் படை பாரிஸை நெருங்கியபோது, நடிகரான கணவர் மார்செல் தாலியோவோடு ஊரைவிட்டு ஓடி, லிஸ்பன் வழியாக அமெரிக்கா வந்து சேர்ந்தவர். படத்தில் வருகிறவர்கள் எல்லோரும் போக ஏங்குவதும் அதே லிஸ்பனுக்குத்தான். தாலியோவும் இந்தப் படத்தில் இருக்கிறார், சூதாட்ட மேசையை நடத்துபவராக. நாஜி மேஜராக வந்து நம்மைப் பயமுறுத்தும் கான்ராட் ஃபைட், ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-இலேயே ஜெர்மனியை விட்டு வெளியேறியவர். அந்தப் படப்பிடிப்புத் தளத்தில் பாதிப் பேர் நிஜமாகவே வீடு இழந்தவர்கள். போர் எப்படி முடியும் என்று ஒருவருக்கும் தெரியாத 1942-இல் எடுத்த காட்சி அது. இதெல்லாம் தெரிந்த பிறகு அந்தப் பாட்டை ஒருமுறைகூடக் கண் கலங்காமல் நான் பார்த்ததில்லை.

‘தி அபார்ட்மென்ட்’ வேறு விதமான படம். 1960, பில்லி வைல்டர். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் ஜாக் லெமன் சாதாரண குமாஸ்தா. மேலதிகாரிகள் தங்கள் கள்ளக் காதலுக்கு அவருடைய வீட்டுச் சாவியை வாங்கிப் போவார்கள், அதற்குப் பதிலாக அவருக்குப் பதவி உயர்வு கிடைக்கும். லிஃப்ட் இயக்குகிற ஷெர்லி மெக்லைனை அவருக்குப் பிடித்திருக்கிறது. ஒருநாள் தன் வீட்டில் யாரோ விட்டுப்போன சின்ன முகக்கண்ணாடி ஒன்றை மேலதிகாரியிடம் திருப்பிக் கொடுக்கிறார். அதில் கண்ணாடி விரிசல் விட்டிருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், ஆபீஸ் பூராவும் கூச்சல். லெமன் புதுத் தொப்பி ஒன்றைப் போட்டுக்கொண்டு, நன்றாக இருக்கிறதா என்று மெக்லைனிடம் கேட்கிறார். அவள் கைப்பையிலிருந்து முகக்கண்ணாடியை எடுத்துத் திறந்து கொடுக்கிறாள். அவர் பார்க்கிறார். முகம் இரண்டாகப் பிளந்து தெரிகிறது. அவ்வளவுதான். இசை அலறவில்லை, யாரும் எதையும் விளக்கவில்லை. கண்ணாடி உடைந்திருக்கிறதே என்கிறார் மெல்ல. தெரியும், எனக்கு இப்படி இருப்பதுதான் பிடிக்கும், மனசு எப்படி இருக்கிறதோ அப்படியே முகமும் தெரிகிறது என்கிற மாதிரி அவள் ஏதோ சொல்கிறாள். முதல் தடவை நான் லெமனின் முகத்தைப் பார்த்தேன். இரண்டாம் தடவை மெக்லைனின் முகத்தைப் பார்த்தேன். தான் காதலிக்கும் அந்த மேலதிகாரி தனக்கு முன்னால் எத்தனை பெண்களிடம் இதே வார்த்தைகளைப் பேசியிருக்கிறான் என்பதைச் சற்று முன்புதான் இன்னொருத்தி வாயால் கேட்டுவிட்டு வந்து நிற்கிறாள். எதிரே இந்த மனுஷன் தொப்பியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறான். மூன்றாம் தடவை, அவள் கைப்பையைத் திறக்கும்போதே எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. இந்த மூன்று தடவையும் நடக்கத்தான் படம் இருந்த இடத்தில் இருக்க வேண்டும் என்கிறேன்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. நான் பார்த்த தளத்தில் ‘12 ஆங்ரி மென்’ படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து வரிவரியாக நானே சொன்னேன். ஒன்றரை மணி நேரப் படம், நிறுத்தி நிறுத்திப் பார்த்ததில் இரண்டே முக்கால் மணி நேரம் ஆனது. வழக்கில் தீர்ப்புச் சொல்ல வேண்டிய ஜூரிகள் பன்னிரண்டு பேர் ஒரே அறையில் உட்கார்ந்து, கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு பையனைப் பற்றி வாதாடுகிற படம், கிட்டத்தட்ட முழுக்க முழுக்கப் பேச்சு. பாதி போவதற்குள் அம்மா சொன்னார்: “அந்த ஆளு இந்தப் பையனைத் திட்டலப்பா. தன் புள்ளையத்தான் திட்டிக்கிட்டு இருக்கான்.” லீ ஜே. காப் நடித்த பாத்திரம் அது. கடைசியில் அவர் தன் மகனின் போட்டோவைக் கிழித்துவிட்டு உடைந்து அழும்போது, நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். அம்மா கையை உயர்த்தி நிறுத்திவிட்டார்.

அது சிட்னி லூமெட் இயக்கிய முதல் திரைப்படம், 1957-இல் வந்தது. கேமராவை முதலில் கண்மட்டத்துக்கு மேலே வைத்து, பிறகு கண்மட்டத்துக்கு இறக்கி, கடைசிப் பகுதியில் அதற்கும் கீழே கொண்டுபோனதாக அவரே எழுதியிருக்கிறார். லென்ஸையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே போனார்கள். அதனால்தான் நேரம் ஆக ஆகச் சுவர்கள் நெருங்கி வருகிற மாதிரியும், கூரை தலைமேல் இறங்குகிற மாதிரியும் இருக்கிறது. இப்படிப்பட்ட படத்தை டிவித் திரைக்குப் பொருந்த வேண்டும் என்று மேலும் கீழும் வெட்டினால் அந்தக் கூரைதான் முதலில் போகும். பழைய ஹாலிவுட் படங்கள் பெரும்பாலும் ஏறக்குறைய 4:3 அளவில் எடுக்கப்பட்டவை. அவற்றை 16:9 திரை நிரம்ப வெட்டினால் படத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு காணாமல் போகும். வெட்டாமல் இழுத்து விரித்தால் எல்லோரும் குண்டாகத் தெரிவார்கள். ஒரு தளத்தில் அப்படியும் பார்த்துவிட்டேன். பக்கத்தில் கறுப்புப் பட்டை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். நாங்கள் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

சாயம் பூசுவதும் வேண்டாம். 80களில் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கணினியில் நிறமேற்றியபோது நடிகர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் வெளிப்படையாகவே எதிர்த்தார். அப்போது எழுந்த சண்டைகளுக்கு நடுவில்தான் 1988-இல் அமெரிக்காவில் சட்டம் வந்து, பாதுகாக்க வேண்டியவை என்று ஆண்டுக்கு 25 படங்களைத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கத் தொடங்கினார்கள். 1989-இல் முதல் 25 படங்களைத் தேர்ந்தெடுத்தபோதே ‘காஸாபிளாங்கா’வும் ‘சிங்கிங் இன் த ரெயி’னும் அதில் இருந்தன.

ஸ்டூவர்ட் நடித்த ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ படத்தின் கதை உங்கள் தொழிலில் இருப்பவர்கள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது. ஃபிராங்க் காப்ரா 1946-இல் எடுத்தார். போட்ட பணம் திரும்பவில்லை. 1974-இல் காப்புரிமையைப் புதுப்பிக்கத் தவறிவிட்டார்கள். உடனே அமெரிக்காவின் டிவி நிலையங்கள், இலவசமாகக் கிடைக்கிறதே என்று ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் போட்டுத் தள்ளின. வருஷா வருஷம் பார்த்துப் பார்த்து, ஓடாத படம் ஒரு நாட்டின் பண்டிகைப் படம் ஆகிவிட்டது. ஒன்றையும் மாற்றவில்லை, புதிதாக விளம்பரம் செய்யவில்லை. கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

அந்தப் படத்தில் மாடிப்படிக் கைப்பிடியின் முனையில் ஒரு மரக் குமிழ் இருக்கும். ஸ்டூவர்ட் நடித்த ஜார்ஜ் மாடி ஏறும்போது பிடித்தால் கையோடு கழன்று வந்துவிடும். வாழ்க்கை வெறுத்துப்போன இரவில் அது கழன்று வரும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். கடைசியில் அதே குமிழ் மறுபடி கழன்று வரும், அதற்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டுத் திருப்பி வைப்பான். நான் இதைக் கவனித்தது நான்காவது தடவையில்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஹிட்ச்காக்கின் ‘ரியர் விண்டோ’, ‘வெர்டிகோ’ உள்பட ஐந்து படங்களின் உரிமை அவரிடமே இருந்தது, பல வருஷம் அவை யார் கண்ணிலும் படாமல் முடங்கிக் கிடந்தன. அவர் 1980-இல் இறந்து சில வருஷம் கழித்துத்தான் திரும்பத் தியேட்டருக்கு வந்தன. அந்த ‘வெர்டிகோ’தான் 2012-இல் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில், ஐம்பது வருஷம் முதலிடத்தில் இருந்த ‘சிட்டிசன் கேன்’ படத்தைத் தாண்டியது. வெளிவந்த 1958-இல் பலருக்கு அது பிடிபடவே இல்லை.

இவையாவது திரும்பி வந்தன. அமெரிக்காவில் 1912 முதல் 1929 வரை வந்த சுமார் 11,000 முழுநீள மௌனப் படங்களில் 14 சதவீதம்தான் அசல் வடிவில் மிஞ்சியிருப்பதாக அந்நாட்டு நாடாளுமன்ற நூலகம் 2013-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் பிலிம் எரிந்துபோனது ஒரு பக்கம். இனி காசு வராது, வைத்திருக்க இடம் கேட்கிறது என்று ஸ்டூடியோக்களே கழித்துக்கட்டியது இன்னொரு பக்கம். நம் ஊரிலும் அதே கதைதான். தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’ இன்று ஒரு பிரதிகூட இல்லை.

நீங்கள் எதையும் எரிக்கவில்லை, எனக்குத் தெரியும். ஆனால் பட்டியலிலிருந்து எடுத்த படத்தை, தேடத் தெரியாத ஒருவர் மறுபடி பார்க்கப் போவதில்லை. குறைந்தபட்சம் ஒரு ஐம்பது பழைய படங்களையாவது, பார்த்தவர் எண்ணிக்கையைப் பார்க்காமல், நிரந்தரமாக வைத்திருங்கள். அப்படியும் எடுக்கத்தான் வேண்டும் என்றால் ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள். தமிழ் சப்டைட்டில் போடுங்கள். அதை எழுதுவதற்குப் பேச்சுத் தமிழ் தெரிந்த நல்ல ஆட்களாகப் பிடித்து, ஒழுங்கான சம்பளம் கொடுங்கள். அப்புறம், கடைசிக் காட்சி முடிந்த நொடியே படத்தைச் சின்னதாக்கி மூலைக்குத் தள்ளிவிட்டு அடுத்த படத்தை ஓட்டாதீர்கள். ஜூரிகள் நீதிமன்றப் படியில் இறங்கிப் போன பிறகும், அம்மா இருட்டில் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

‘தி அபார்ட்மென்ட்’ கதையை அன்றைக்கு ராத்திரி அம்மாவுக்குச் சொன்னேன், கண்ணாடி வரைக்கும். மீதியைப் படத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்று நிறுத்திவிட்டார். நேற்றுகூடக் கேட்டார்: “அந்தக் கண்ணாடி உடைஞ்ச படம் வந்துடுச்சாப்பா?”

இன்னும் வரவில்லை என்றேன்.

அன்புடன்,
உங்கள் சந்தாதாரர் ஒருவர்